குற்றங் கூறுதற்கு உரியார் யாவர்?

ஒரு நூலையோ, ஒரு தொழிலையோ, ஒரு கொள்கையையோ ஆராய்ந்து, இது நன்று, இது தீது எனக் கூறுதற்கு அத்துறையில் வல்லவர் மாத்திரமே உரியரா, அன்றிப் பிறரும் உரியரா என்னும் வினா மிகப் பழையது. பழையதாயினும், உபாத்தியாயராயினார்க்கு அது நாடோறும் புதியதாய் எதிர்ப்படுகின்றது. பாடபுத்தகத்திலே பிழையொன்று கண்டு எடுத்துக் கூறும் ஆசிரியரை நோக்கி, "இதனை எழுதினோர் துறைபோகிய வித்துவான்கள், குற்றங் கூற நீர் யார்?" என்று கேட்பார் உளர். அவ்வாசிரியர்தாமே தம் வகுப்பில் மாணாக்கனொருவன் எழுந்து, "ஐயா, இது பொருந்தவில்லையே" என்னுமிடத்து, அதே வினாவை அவன்மேல் ஏவுதலும் உண்டு. ஓரிடத்தில் இவ்வினாவினாற் புண்பட்டவர் மற்றோரிடத்தில் அதனையே படைக்கலமாகக் கொள்ளுதல் இரங்கத்தக்கதன்றோ? ஆதலின், இதனை நடுவுநிலையினின்று ஆராய்தல் நம்மனோர்க்கு இன்றியமையாத கடனாகும்.

ஒரு நிகழ்ச்சி

ஆராய்ச்சியிற் புகுமுன், அடியேனுடைய ஆசிரியத்தொழிலின் தொடக்கக்காலத்து நிகழ்ந்ததொன்றை ஈண்டுக் கூறுதல் பொருத்தமாகும். ஐந்தாம் வகுப்பிற்குக் கணக்குக் கற்பித்துக்கொண்டிருந்தேன். "100 அடி நீளமுள்ள வீதியொன்றின் ஓரத்திலே, இரு முனைகளும் உட்பட, 10 அடிக்கு ஒன்றாக மரக்கன்று நடின் எத்தனை கன்று வேண்டும்?" என்பது கணக்கு. 100ஐ 10ஆற் பிரித்தால் ஈவு 10. ஆதலின் 10 கன்று என்றேன். நூலின் இறுதியிலிருந்த விடைப்பகுதியும் அவ்வாறே கூறிற்று. பின்வரிசையிலிருந்த சிறுவனொருவன் எழுந்து, "ஐயா, பதினொன்றல்லவோ வேணும்?" என்றான். "விடை எழுதினவர்கள் உன்னிலும் படித்தவர்கள், இரு" என்றேன். அவன் இருந்தான்.

இரவிலே வீட்டிற் கோடொன்று கீறிப் பார்த்தேன். இடைவெளிகள் பத்து, புள்ளிகளோ பதினொன்று. அச்சிறுவனுடைய தந்தை ஊரில் வேலி அடைக்கும் தொழிலாளர். தந்தையுடன் சென்று கதியால் நட்டுப் பழகிய அவன், பத்து இடைவெளிக்குப் பதினொரு கதியால் வேண்டுமென்பதைக் கையினால் அறிந்திருந்தான். கணித நூல் எழுதினார் அறியாததன்று அது. அவர் சோர்வினால் விட்டது. யான் அறியாததுமன்று, நூலின்மேல் வைத்த நம்பிக்கையினால் ஆராயாது விட்டது. இந்நிகழ்ச்சியின் பிற்பகுதியை இறுதியிற் கூறுவேன்.

பூர்வபக்கம்

துறைவல்லோர் மாத்திரமே குற்றங் கூறுதற்குரியர் என்பார் கூறுங் காரணங்கள் எளியன அல்ல. அவற்றை முதற்கண் நிறுத்துதும்.

ஒரு துறையின் நுட்பங்கள் பல்லாண்டு பயின்றார்க்கன்றிப் புலனாகா. நாடி பார்த்து மருந்து கொடுக்கும் வைத்தியர் கசப்பான மருந்தைத் தந்தால், அது கசக்கின்றதாதலின் தீது என்று நோயாளி கூறுதல் பேதைமை. இலக்கணம் அறியாதான் ஒருவன் செய்யுளிலே பழஞ்சொல்லொன்றைக் கண்டு, இது வழக்கில் இல்லை, ஆதலின் வழு என்பானாயின், அவன் காட்டியது புலவன் குற்றமன்று, தன் குறையேயாம். மேலும், கல்லாதாரும் கற்றாரோடொப்பத் தீர்ப்புக் கூறத் தொடங்கின், உரத்த குரலுடையானே வெல்வான். உண்மை ஒதுங்கி நிற்கும்.

இக்கட்சியார் எடுத்துக்காட்டும் கதையொன்று யவன நாட்டு ஓவியன் அப்பெல்லிஸ் என்பானைப் பற்றியது. அதனை உரோம ஆசிரியர் பிளினி தமது இயற்கை வரலாற்று நூலிற் கூறியுள்ளார். அப்பெல்லிஸ் தான் எழுதிய ஓவியத்தைப் பலரும் காண வைத்தபொழுது, செருப்புத் தைப்பவன் ஒருவன் ஓவியத்திலுள்ள பாதரட்சையின் வார் அமைப்பில் ஒரு பிழை காட்டினான். ஓவியன் அதனைத் திருத்தினான். மறுநாள் அத்தொழிலாளி செருக்குற்று, காலின் வடிவிலும் குற்றங் கூறத் தொடங்கினான். அப்பொழுது ஓவியன் அவனை நோக்கி, செருப்பிற்கு மேலே செல்லற்க என்று தடுத்தான். இக்கதையினால், அவரவர் தத்தம் எல்லையில் நிற்றலே முறை என்பர்.

வரலாற்றிலும் சான்று உண்டு. ஆங்கில நாட்டுத் தத்துவஞானி தோமஸ் ஹொப்ஸ் அரசியல் ஆராய்ச்சியிற் பெரும்புகழ் பெற்றவர். அவர் 1655ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில், வட்டத்திற்குச் சமமான பரப்புள்ள சதுரத்தைக் கீறும் வழியைத் தாம் கண்டதாக எழுதினார். கணித வித்துவானாகிய ஜோன் வாலிஸ் அதன் பிழைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஹொப்ஸ் அடங்கினாரல்லர்; தாம் இறந்த 1679ஆம் ஆண்டு வரையும், ஏறத்தாழக் கால் நூற்றாண்டு, கணிதரைக் கண்டித்துக்கொண்டே இருந்தார். கவராயத்தையும் அளவுகோலையும் மாத்திரங் கொண்டு அவ்வாறு கீறுதல் இயலாதென்பது 1882இல் லிண்டெமன் என்னும் ஜெர்மானியக் கணிதராற் செவ்வனே நிறுவப்பட்டது. இவ்வாறு வருவோர் பெருகினமையின், பாரிஸ் நகரத்து விஞ்ஞானக் கழகத்தார் 1775ஆம் ஆண்டிலேயே, வட்டத்தைச் சதுரமாக்கும் வழி கண்டேம் என்று வருவனவற்றை இனி ஆராயேம் எனத் தீர்மானித்தனர். பிறர் கூறும் எல்லாவற்றையும் ஆராயப் புகின் வாணாள் போதாது என்பது இத்தீர்மானத்தின் கருத்து.

பூர்வபக்கம் இவ்வாறு வலியுடையதே. எனினும் அஃது எத்துணைத் தூரம் செல்லும் என்பதே ஆராயற்பாலது.

படைத்தலும் பயன்கொள்ளுதலும்

முதற்கண் அப்பெல்லிஸின் கதையையே மீள நோக்குக. அதன் பிற்பாதியை எடுத்துக்காட்டுவார் முற்பாதியை மறந்துவிடுகின்றனர். அவ்வோவியன் தன் ஓவியத்தை வழிப்போவார் காண வைத்துத் தான் மறைந்து நின்றது எற்றுக்கு? தன்னினும் பொதுமக்கள் கூர்ந்து நோக்கும் நடுவராவர் என்று கருதியமையினாலன்றோ? செருப்புத் தைப்பவன் சொல்லை அவன் புறக்கணித்தானல்லன், ஏற்றுத் திருத்தினான். ஓவியத்தில் வல்லவனாகிய அவனுக்குச் செருப்பின் வார் தெரியாதாயிற்று. அதனை அறிந்தவன் ஓவியம் அறியாதவன். ஆதலின் இக்கதை பூர்வபக்கத்தார்க்குப் பாதியே துணையாம். மற்றைப் பாதி அவரை மறுக்கும்.

இதன் காரணத்தை யவன நாட்டுத் தத்துவ நூலார் விளக்கியுள்ளனர். அரிஸ்டோட்டில் தமது அரசியல் நூலில், சில தொழில்களிலே செய்தவன் மாத்திரமோ சிறந்த நடுவனோ அல்லன் என்றும், வீட்டை அதிற் குடியிருப்பவனும், சுக்கானை மரத்தச்சனினும் மாலுமியும், விருந்தைச் சமைத்தவனினும் உண்பவனும் நன்கு மதிப்பிடுவர் என்றுங் கூறினார். அவருடைய ஆசிரியர் பிளேட்டோவும், குழல் செய்வான் குழல் ஊதுவானிடத்தே அதன் நன்மை தீமையைக் கேட்டறிதல் வேண்டும் என்றார். இவர்தம் கருத்து யாதெனின், பிறர் பயன்கொள்ளும்பொருட்டுச் செய்யப்படும் பொருளில், செய்யும் அறிவு ஒன்று, பயன்கொள்ளும் அறிவு வேறொன்று என்பதாம். இவ்விரண்டனுள் ஒன்று மற்றொன்றனுள் அடங்காது.

நம்மவர் நாடோறும் கையாளும் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொள்வோம். திதி, நட்சத்திரம், கிரகணம் என்பவற்றைக் கணிக்கும் முறை சோதிட கணிதம் பயின்றார்க்கே தெரியும். ஆயினும், கிரகணம் இன்ன நாழிகையில் தொடங்கும் என்று எழுதிய பின்னர், அது சரியோ பிழையோ என்பதை உரிய பாதுகாப்புடன் வானத்தை நோக்கும் எவனும் மணிக்கூட்டைக் கொண்டு அறியலாம். 2010ஆம் ஆண்டு தை மாதம் 15ஆந் தேதியும், 2019ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26ஆந் தேதியும், ஆங்கில மாதக் கணக்கின்படி, யாழ்ப்பாணத்திலே கங்கண சூரிய கிரகணம் புலப்பட்டது. அந்நாட்களில் முற்றத்தில் நின்ற பாடசாலைச் சிறுவனும் கணிதரின் கணக்கைச் சோதிக்க வல்லனாயினான். கணக்கைச் செய்தல் அவனால் இயலாது. கணக்கின் விளைவைக் காண்டல் இயலும். விளைவு எல்லார் கண்ணுக்கும் எட்டுமிடத்துத் தீர்ப்பும் எல்லார்க்கும் உரியதாம்.

குற்றங் கூறலின் மூன்று உறுப்பு

இவ்விவாதத்திலே மயக்கம் விளைதற்குக் காரணம், குற்றங் கூறல் என்பதனை ஒன்றாகக் கொள்வதேயாம். அஃது ஒன்றன்று, மூன்று. குறையுண்டென்று காண்டல் முதலாவது. குறையின் காரணத்தை ஆராய்ந்து கூறல் இரண்டாவது. குறையைத் தீர்க்கும் வழியைக் கூறல் மூன்றாவது.

மருந்துண்ட பின்னும் வயிற்றுநோவு தணியவில்லை என்பதை நோயாளியே அறிவான்; வைத்தியர் ஆயிரங் கற்றாராயினும் அந்நோவு அவர் வயிற்றில் இல்லை. ஏன் தணியவில்லை என்பதனை வைத்தியரே ஆராய்வார். இனி என்ன மருந்து கொடுத்தல் வேண்டுமென்பதும் அவரதே. முதலாவதற்குரிய நோயாளி மூன்றாவதிற் புகுந்து, இன்ன மூலிகையைச் சேர் என்பானாயின் அது வரம்பு கடத்தல். மூன்றாவதற்குரிய வைத்தியர் முதலாவதையும் தமதாக்கி, உமக்கு நோவு இல்லை என்பாராயின் அதுவும் வரம்பு கடத்தலேயாம். பெரும்பாலும் உலகத்தார் முன்னையதையே கண்டிக்கின்றனர். பின்னையதனால் விளையுந் தீங்கு அதனினும் பெரிது.

இம்மூன்றும் ஓராளிடத்து ஒருங்கே அமையாமையை விளக்க, ஜெர்மானியராகிய அல்பிரட் வெகெனர் என்பாரது வரலாறு உதவும். அவர் வானிலை ஆராய்ச்சியிலே பயின்றவர். நிலவியலைத் தொழிலாகக் கொண்டவரல்லர். கண்டங்கள் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்து பின்னர்ப் பிரிந்து விலகின என்னுங் கொள்கையை 1912இல் வெளியிட்டு, 1915இல் நூலாக விரித்தார். கடலுக்கு இருபுறத்துங் கரைகளின் வடிவம் ஒத்திருத்தலையும், பாறைகளும் அவற்றிற் பதிந்த பழைய உயிர்களின் எச்சங்களும் ஒத்திருத்தலையும் சான்றாகக் காட்டினார். நிலவியலார் பலர், இவர் நம் துறையினரல்லர் என்று தள்ளினர். கண்டங்களை நகர்த்துதற்கு வெகெனர் கூறிய விசைகள் மிகச் சிறியன, அவை போதா என்றுங் காட்டினர். வெகெனர் 1930இல் கிரீன்லாந்துப் பனிவெளியிலே இறந்தார். 1960ஆம் ஆண்டினை அடுத்த காலத்தே கடலடித் தரையின் ஆராய்ச்சி வளர, கண்டங்கள் விலகியமை உண்மையென்று அத்துறையினரே ஒப்புக்கொண்டனர். இந்தியாவும் இலங்கையும் ஆபிரிக்காவும் ஒருகாலத்தில் ஒரே பெருநிலமாயிருந்தன என்று இன்று மாணாக்கர்க்குக் கற்பிக்கின்றோம்.

இவ்வரலாற்றை, புறத்தார் வென்றார், வல்லார் தோற்றார் என்று கதையாக்குவோர் உளர். அது பொருந்தாது. பழைய கொள்கையின் குறையைக் காண்டலில் வெகெனர் சரி. காரணங் கூறலில் அவர் பிழை. அப்பிழையைக் காட்டியதில் வல்லுநர் சரி. அது கொண்டு முழுவதையுந் தள்ளியதில் அவர் பிழை. முடிவிலே உண்மையை நிலைநாட்டியதும் கடலாராய்ச்சி வல்லாரேயன்றி வேறெவருமல்லர். ஆதலின் புறத்தார் கண்ணும் வேண்டும். வல்லார் கையும் வேண்டும்.

நூற்குற்றம் பத்து

இனி, நமக்கு மிக அணித்தாகிய நூலாராய்ச்சிக்கு இதனைப் பொருத்துவோம். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே நூலுக்கு ஆகாத குற்றம் பத்தென வகுத்தார். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் யாவரும் இவற்றை மனனஞ் செய்விப்பர். ஆயினும் இவற்றுள் எதனை யார் காண வல்லார் என்று பாகுபாடு செய்து பார்த்தார் சிலரேயாவர். பார்ப்பின், அவை மூவகைப்படுதல் புலனாகும்.

கூறியதனையே மீளக் கூறல், முன்னொடு பின் மாறுபடக் கூறல், பொருள் இதுவோ அதுவோ என மயங்க வைத்தல், பொருட்செறிவின்றி வெறுஞ்சொல்லாற் றொடுத்தல், எடுத்த பொருளை விட்டு மற்றொன்றனை விரித்தல், தொடக்கத்திற் சிறந்து வரவரத் தேய்ந்து முடிதல் என்னும் ஆறும் முதல் வகை. இவை நூலினுள்ளேயே சான்று கிடப்பன. கவனத்தோடு படிப்பவன் அத்துறையிற் புதியனாயினும் இவற்றைக் காண்பான். மயங்க வைத்தல் என்னுங் குற்றத்தையோ அவனே முதலிற் காண்பான்; வல்லான் தன் அறிவினால் இடைவெளியை நிரப்பிக்கொண்டு படித்தலின் அவனுக்கு மயக்கம் தோன்றாது.

குன்றக் கூறல், மிகைபடக் கூறல், வழுச்சொற் புணர்த்தல் என்னும் மூன்றும் இரண்டாம் வகை. எத்துணைக் கூறல் வேண்டுமென்று அறிந்தான்றான் குறைந்தது இது, மிகுந்தது இது என்று கூறவல்லன். சொல் வழுவென்பதற்கு இலக்கணமும் வழக்கும் அறிதல் வேண்டும். இவை வல்லார்க்கே உரியன.

சொற்கள் நின்றும் பயனில்லாமை என்பது மூன்றாம் வகை; இது இருவர்க்கும் பொது. பயன்கொள்ள வந்தவன் பயன் பெற்றிலேன் என்று கூறுவான். பயன் உளதாயும் அவன் பெறாமைக்குக் காரணம் அவனிடத்ததோ நூலிடத்ததோ என்று வல்லான் ஆராய்வான்.

முதல் வகையிலும் ஒரு காவல் வேண்டும். கூறியது கூறல் ஒரு பயன் நோக்கி வருமாயின் குற்றமாகாது. இளைஞன் அதனைக் குற்றமென்று காட்டும்பொழுது, வல்லான் பயனை எடுத்துக் கூறி ஐயம் அகற்றுதல் கடன். பயனைக் கூறவியலாது, "உனக்குத் தெரியாது" என்று மாத்திரம் கூறுவானாயின், குற்றம் குற்றமாகவே நிற்கும்.

சான்றோர் அவையும் புறத்து நடுவரும்

நூல் செய்தார் தாமே தம் நூலை மெச்சிக்கொள்ளுதலை நம் முன்னோர் ஒப்பவில்லை. நூல் அவையிலே அரங்கேறல் வேண்டும் என்பது மரபு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தே, அதங்கோட்டாசான் வினாவிய கடாக்களுக்கு விடை கூறி அரங்கேற்றப்பட்டது என்று அதன் சிறப்புப்பாயிரத்தால் அறிகின்றோம். இஃது வல்லார் வல்லாரை ஆராய்ந்தது.

வல்லார் ஆராய்ச்சி முடிவுபெறாத இடமும் உண்டு. இறையனார் களவியலுரை கூறும் வரலாறு ஆசிரியர் யாவரும் அறிந்ததே. அறுபது சூத்திரத்துக்கும் சங்கப் புலவர் பலரும் உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை என்று துணிதற்கு அவரால் இயலவில்லை. ஒவ்வொருவர்க்கும் தம் உரையே மெய்யாய்த் தோன்றிற்று. அப்பொழுது உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுப் பிள்ளை நடுவனாக இருத்தப்பட்டான். அவன் ஊமை. புலவர் தத்தம் உரையைக் கூறக் கேட்டு வாளா இருந்தான். மருதனிளநாகனார் உரைத்தபொழுது சிற்சில இடங்களிலும், நக்கீரனார் உரைத்தபொழுது பதந்தோறும், கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்ப்ப இருந்தான். அதனால் நக்கீரனார் உரையே மெய்யுரை என்று யாவரும் துணிந்தனர்.

அப்பிள்ளையைக் குமாரக்கடவுளின் தோற்றமாகவே அவ்வரலாறு கூறுதலின், அவன் வல்லார்க்கெல்லாம் வல்லவன், புறத்தானல்லன் என்று கடாவுவார் உளராலோ எனின், அஃதுண்மையே. ஆயினும் இரண்டு பொருள் ஈண்டு நோக்கற்பாலன. வல்லார் தம்முள் மாறுபட்டவிடத்துத் தம்மின் வேறாகிய நடுவரை நாடினர் என்பது ஒன்று. அந்நடுவன் சூத்திரங் காட்டியோ தருக்கம் உரைத்தோ தீர்ப்புச் செய்தானல்லன். கேட்டார் உள்ளத்தில் உரை என்ன செய்தது என்பதையே காட்டினான் என்பது மற்றொன்று. ஒரு நூல் கேட்பார் உள்ளத்திற் செய்வதனைக் கேட்பாரிடத்தே காண்டலன்றி வேறு வழியில்லை.

வல்லார் கூறுங் குற்றமும் ஒரோவழிப் பிழைபடும் என்பதற்குக் கந்தபுராண அரங்கேற்றத்தைப் பற்றி வழங்குங் கதை சான்றாகும். காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்திலே கச்சியப்ப சிவாசாரியர் முதற்செய்யுளுக்குப் பொருள் கூறத் தொடங்கியவுடன், அதன் முதற்சொற்களிலுள்ள புணர்ச்சிக்கு இலக்கணம் இல்லை என்று அவையிலிருந்த புலவர் ஒருவர் தடுத்தார். மறுநாள் சோழநாட்டினின்றும் வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொணர்ந்து, அப்புணர்ச்சிக்கு அதில் விதியுண்மை காட்டினார் என்பது கதை. தடுத்தவர் தடுத்தது குற்றமன்று. ஐயம் எழுந்தவிடத்துக் கேட்டலே அவையின் கடன். தாம் கற்ற இலக்கணமே இலக்கணத்தின் எல்லை என்று கருதியதே அவருக்கு நேர்ந்த வழுவாம். கற்றார்க்கு உரிய இடையூறு இதுவே: கல்லாதவன் தான் அறியாமையை எளிதில் அறிவான், கற்றவனோ தான் அறிந்ததன் எல்லையைத் துறையின் எல்லையென மயங்குவான்.

சித்தாந்தம்

மேலே கூறியவற்றாற் பெறப்படுவது யாதெனின்: குற்றங் கூறுதற்குரிமை கூறுவானுடைய பட்டத்தினால் வருவதன்று; கூறப்பட்ட பொருளுக்கும் அவனுடைய அறிவிற்கும் உள்ள தொடர்பினால் வருவது. வேலி அடைப்பான் மகனுக்குக் கதியாற்கணக்கில் அத்தொடர்பு இருந்தது. வட்டத்தைச் சதுரமாக்குவதில் ஹொப்ஸுக்கு அது இல்லை. ஹொப்ஸின் குற்றம் புறத்தாராய் இருந்து பேசியதன்று; காட்டப்பட்ட பிழையைக் கற்று உணராது மீட்டும் பேசியதே. சொல்வார் யாவர் என்பதில் நில்லாது, சொல்லப்பட்டதன் மெய்ம்மையை நாடுதலே அறிவு என்று திருவள்ளுவ நாயனார் வகுத்ததும் இதுபற்றியேயாம். சொல்வாரை நோக்குதல் எளிது. சொல்லை நோக்குதற்கு உழைப்பு வேண்டும். "நீ யார்?" என்னும் வினா பெரும்பாலும் அவ்வுழைப்பைத் தவிர்த்தற்கே எழுகின்றது.

ஆகவே, குற்றங் கூறுவான் கைக்கொள்ளற்பாலன நான்கு. தான் கண்டும் கையாண்டும் அறிந்த அளவிலே நின்று பேசுதல் ஒன்று. நூலை முழுதும் படித்தபின் பேசுதல் இரண்டு. ஐயமாயின் ஐயமென்றும், துணிபாயின் துணிபென்றும் வேறுபடுத்திக் கூறல் மூன்று. விடை வந்தவழி அதனைப் பொறுமையோடு கேட்டு, பொருந்துமாயின் ஏற்றுக்கொள்ளல் நான்கு.

குற்றங் கூறப்பட்ட வல்லான் கைக்கொள்ளற்பாலனவும் நான்கு. கூறியவன் யாவன் என்று வினாவுமுன் கூறியது யாது என்று வினாவுதல் ஒன்று. காரணம் பிழைபட்டதுகொண்டு கண்ட குறையையும் பிழையென்று தள்ளாமை இரண்டு. மறுப்பதாயின், கேட்டவனுக்கு விளங்கும் சொல்லால் மறுத்தல் மூன்று. பிழை தன்னதாயின் அவையறிய ஒப்புக்கொள்ளல் நான்கு. இவற்றுள் இறுதியது மிக அரியது.

வகுப்பிற் கொள்ளற்பாலன

உபாத்தியாயர்க்கு இதன் பயன் கூறி முடிப்பாம். "விளங்கவில்லை" என்று மாணாக்கன் கூறுவது அவனுடைய குறையை மாத்திரம் தெரிவிப்பதன்று; நம் கற்பித்தலின்மேல் வைக்கப்படும் குற்றமும் அதுவேயாம். அக்குற்றத்தைக் கூறுதற்கு உலகத்திலே அவனையன்றி உரியார் இலர். எத்துணைப் பெரிய பரீட்சகரும் எம் பாடம் அச்சிறுவன் உள்ளத்திற் புக்கதோ இல்லையோ என்பதை அவன் வாயிலாகவேயன்றி அறியார். ஆதலின், அச்சொல்லைக் கேட்டபொழுது, எவ்விடத்தே விளங்காதாயிற்று என்று வினாவுக. அவன் இடத்தைக் காட்டுவான். காரணத்தை நாம் காண்போம். வழியையும் நாமே வகுப்போம்.

கட்டுரைப் பயிற்சியில், ஒருவன் எழுதியதை மற்றொருவன் படித்து, எனக்கு மயங்கிய இடம் இது, கூறியது கூறிய இடம் இது என்று குறிக்கும்படி செய்க. முதல் வகைக் குற்றங்கள் ஆறினையும் பிள்ளைகள் தாமே காண்பர். இரண்டாம் வகையன மூன்றனையும் ஆசிரியர் காட்டுக. இவ்வாறு செய்யின், நூற்குற்றம் பத்தும் மனனஞ் செய்த பாடமாய் ஒழியாது கண்ணாய் விளங்கும். கணக்கிலும், விடைப்பகுதியைப் பார்க்குமுன் வேறொரு வழியாற் சரிபார்த்தலைப் பழக்குக. விடை மாறுபட்டவழி, நூல் பிழையாதலும் கூடும் என்று பிள்ளைகள் கேட்க ஒருமுறையேனும் கூறுக.

இனி, முன்னர் நிறுத்திய நிகழ்ச்சியை முடிக்கின்றேன். இரவிற் பிழையை உணர்ந்த யான் காலையில் வகுப்பிற் சென்றபொழுது, பதினொன்றே சரியென்று கூறியிருத்தல் வேண்டும். கூறினேனல்லேன். இளம் ஆசிரியனுடைய மதிப்புக் குறையும் என்று அஞ்சி, அடுத்த கணக்கிற்குச் சென்றேன். அச்சிறுவன் என் முகத்தை ஒருகாற் பார்த்தான். பின்னர்ச் சிலேற்றை நோக்கிக் குனிந்துகொண்டான். அவ்வாண்டு முடியுமளவும் அவன் என் வகுப்பிலே ஒரு வினாவேனும் கேட்டிலன். ஆண்டிறுதியிற் பாடசாலையை விட்டுத் தந்தையோடு தொழிலுக்குப் போயினான். வறுமை காரணமாகப் போயினானென்று இடாப்பில் எழுதினேன், அது பொய்யன்று. ஆயினும், அவன் கேட்ட சரியான வினா ஒன்றற்கு என்னிடத்திற் கிடைத்த விடை "இரு" என்பதே என்பதும் பொய்யன்று.

அவனுக்கு யான் கொடுக்கவேண்டிய விடையை இன்று வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்து வருகின்றேன். கடன் அதனால் முற்றுந் தீராது. எனினும், பின்வரிசையிலே ஒரு கை உயரும்பொழுது, அதற்குரியவன் நான் அறியாததொன்றை அறிந்தவனாதலும் கூடும் என்று இன்று முதலில் எண்ணுகின்றேன். அன்பராகிய ஆசிரியர்காள், நும் வகுப்பிலும் அத்தகைய கை உயரும். அதனை இறக்கிவிடாதிருத்தல் நம் கடன்.